மாறிய பாத்திரமும் மறுக்கப்பட்ட பாத்திரமும்

பல ஆண்டுகள் நேசித்துப் பழகிய ஒரு கதைப் பாத்திரத்தை வேறொருவர் எடுத்து மாற்றி எழுதும்போது வாசகர் மனத்தில் எழும் கசப்பை வெறும் ரசனை வேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாது; அதில் சினத்தோடு, ஒருவரை இழந்த துயரும் கலந்திருக்கிறது. சித்திரக்கதைத் தொழிலில் இத்தகைய மாற்றத்துக்கு ‘ரீபூட்’ என்று பெயர். அதுவரை வெளிவந்த கதையை ஒதுக்கிவிட்டு, அதே பெயரும் உடையும் கொண்ட பாத்திரத்தை முதலிலிருந்து மறுபடி தொடங்குவதை அது குறிக்கும். அமெரிக்காவின் டிசி நிறுவனம் 1985, 1986 ஆம் ஆண்டுகளில் தன் பல கதையுலகங்களை ஒன்றாகச் சுருக்கியது. 2011இல் 52 இதழ்களை முதல் எண்ணிலிருந்து புதிதாகத் தொடங்கியது. 1996இல் வாசகர்கள் கொண்டாடிய சூப்பர்மேன்–லோயிஸ் லேன் திருமணம் அந்த இரண்டாம் தொடக்கத்துக்குப் பின் நடக்காத ஒன்றாகிவிட்டது. இதைக் கண்டு கொதித்தவர்களைச் சிறுபிள்ளைத்தனமானவர்கள் என்று கேலி செய்வது எளிது. ஆனால், ஒரு பாத்திரத்தின் இயல்புகளில் எத்தனை மாறும்வரை அது அதே பாத்திரமாக இருக்கும், அதை முடிவு செய்யும் உரிமை சொல்பவருக்கா நம்புபவருக்கா என்ற கேள்விகள் அந்தக் கொதிப்புக்குள் இருக்கின்றன. இந்தியச் சமய மரபுகள் இவற்றோடு மிக நீண்ட காலமாகவே மல்லுக்கட்டி வந்துள்ளன.

இக்கேள்விகளை ஆராய ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப் பகுதி பொருத்தமான இடம். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. சிப்காட் தொழிற்பேட்டையும் அதையொட்டி வந்த வாகன, கடிகார ஆலைகளும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தன. இப்பகுதி மக்களுக்கு மகாபாரதம் முதன்மையாகப் புத்தகமன்று, திருவிழா. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாகப் பல நாள் விழா நடைபெறுகிறது. நிறைவில் மண்ணால் பெரிய உருவமாகச் செய்த துரியோதனன் படுகளத்தில் வீழ்த்தப்படுகிறான், விரித்த கூந்தலோடு இருந்த திரௌபதி கூந்தலை முடிக்கிறாள், பக்தர்கள் தீ மிதிக்கிறார்கள். எதிரியின் குருதி பூசும்வரை கூந்தலை முடியேன் என்ற சபதம் வியாசரின் செம்பதிப்பில் இல்லை. பட்ட நாராயணர் எழுதிய ‘வேணீசம்ஹாரம்’ என்ற வடமொழி நாடகத்திலும் பிற்கால மரபுகளிலும் வளர்ந்த செய்தி அது. ஆயினும் கூத்து பார்ப்பவருக்குச் சபதமில்லாத திரௌபதி திரௌபதியே அல்லள்.

கர்நாடக எல்லையைக் கடந்தால் வேறொரு திரௌபதி காத்திருக்கிறாள். பெங்களூர் தர்மராயர் கோயிலில் சித்திரை முழுநிலவு இரவில் எடுக்கப்படும் கரகம் அவளுக்கு உரியது. தமிழ் நிலத்திலிருந்து சென்றவர்கள் என்று கருதப்படும் திகளர் என்ற தோட்டப் பயிர்த்தொழில் சமூகத்தார் அதை நடத்துகிறார்கள். போருக்குப் பின் பாண்டவர்களோடு விண்ணுலகு செல்லும் வழியில் பின்தங்கிவிட்ட திரௌபதி, திமிராசுரன் என்ற அரக்கனை எதிர்க்கச் சக்தி வடிவம் கொண்டு வீரகுமாரர்களைப் படைத்தாள் என்பது அவர்களின் கதை. ஓசூரை ஒட்டிய ஆனேக்கல்லிலும் கரக விழா உண்டு. கன்னட இலக்கியத்துக்குள் நுழைந்தால் வியப்பு இன்னும் கூடுகிறது: பொ.ஆ. 941இல் ‘விக்ரமார்ஜுன விஜயம்’ இயற்றிய பம்பர், தம்மை ஆதரித்த சாளுக்கிய அரசன் அரிகேசரியை அர்ச்சுனனாக உருவகித்தவர் என்பதால், திரௌபதியை அர்ச்சுனன் ஒருவனுக்கே மனைவியாக்கினார். ஐவருக்குத் துணைவியானவள் என்பது திரௌபதியைப் பற்றி எல்லோரும் அறிந்த முதற்செய்தி. பம்பர் கைவைத்தது அதிலேயே. இன்றைய ரசிகர் ஒருவர் பம்பரை மன்னித்திருப்பாரா என்பது ஐயமே.

இத்தனை மாறுபாடுகளுக்கு நடுவே ‘இவள் அவளே’ என்று மனம் எப்படிக் கூறுகிறது? முன்பு கண்ட பொருளை இப்போது காண்பதோடு இணைத்து ‘அதுவே இது’ என்று அறிவதைத் தத்துவ நூல்கள் ‘பிரத்யபிஞ்ஞை’ என்று அழைக்கின்றன. மறுஅறிதல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். அங்கு கண்ட தேவதத்தனே இங்கு நிற்பவன் என்ற பழைய எடுத்துக்காட்டைக் கொண்டு, குணங்கள் மாறினாலும் அவற்றைத் தாங்கும் பொருள் மாறவில்லை என்று நியாய மரபினர் வாதிட்டனர். பௌத்தர்கள் இதை ஏற்கவில்லை. எல்லாம் கணத்துக்குக் கணம் அழிகின்றன, நிலைத்த பொருளென ஒன்று இல்லை, முந்திய கணம் காரணமாகப் பிந்திய கணம் தோன்றும் தொடர்ச்சியே ஒருமைபோலத் தெரிகிறது என்றனர். அத்தொடர்ச்சியைச் ‘சந்தானம்’ என்றனர். கதைப் பாத்திரத்துக்கு உடல் இல்லை, குணங்களைத் தாங்கும் அடிப்பொருளும் இல்லை; ஆகவே இங்கு பௌத்தர் தரும் விடையே வலுவானது. வில்லிபுத்தூரார் பாரதமும் கூத்தும் கரகமும் முந்திய சொல்லலிலிருந்து பிறந்தவை, அதற்குக் கடன்பட்டவை. ரீபூட்டோ அந்தக் காரணத் தொடரைத் தன் கையாலேயே அறுத்துக்கொண்டு, பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறது. வாசகரின் மறுஅறிதல் தடுமாறும் இடம் இதுவே.

சித்திரக்கதை நிறுவனங்கள் பல உலகங்கள் என்ற கருத்தால் முரண்களைத் தீர்ப்பதற்கு நெடுங்காலம் முன்பே, புராண உரைகாரர்கள் ‘கல்ப பேதம்’ என்ற கொள்கையை வைத்திருந்தனர். கல்பம் என்பது பிரமனின் ஒரு பகல், ஓர் உலகப் படைப்பின் காலம். இரு நூல்கள் ஒரே நிகழ்ச்சியை வேறுவேறாகக் கூறினால், இரண்டும் வெவ்வேறு கல்பங்களில் நடந்தவை, இரண்டும் மெய் என்று கொள்ளவேண்டும் என்பது அக்கொள்கை. யோகவாசிட்டத்தில் வரும் புசுண்டர் என்ற காக முனிவர், உலகங்கள் பல தோன்றி மறைவதையும் பழைய நிகழ்ச்சிகள் சிறு வேறுபாடுகளோடு திரும்பத் திரும்ப நடப்பதையும் கண்டவராகப் பேசுகிறார். அத்யாத்ம ராமாயணத்தில் சீதை ஒரு படி மேலே செல்கிறாள்: காட்டுக்குத் தன்னை அழைத்துச் செல்ல மறுக்கும் இராமனிடம், எத்தனையோ ராமாயணங்கள் கேட்கப்பட்டிருக்கின்றன, எதிலாவது சீதையில்லாமல் இராமன் வனம் சென்றதுண்டா என்று வாதிடுகிறாள். பாத்திரமே தன் முந்திய கதைகளைச் சான்றுக்கு அழைக்கும் இவ்விடம், எந்தத் தீவிர ரசிகரின் வாதத்துக்கும் இளைத்ததன்று.

இம்மரபில் செய்யப்பட்ட மாற்றங்கள் பலவும் ரசிகர்களே செய்தவை என்பதையும் கருதவேண்டும். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பர் அதைப் பொறாமல், அவள் இருந்த சாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கச் செய்தார். அத்யாத்ம ராமாயணம் அதுவும் போதாதென்று, கவரப்பட்டவள் மாயையால் ஆன சீதையே என்றது. அன்பின் பொருட்டு மாற்றுவது ஒரு வகை. அன்பு முறிந்ததைச் சொல்வதற்காக மாற்றுவது இன்னொரு வகை. இரண்டாவதற்குப் புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ சிறந்த சான்று. கல்லாயிருந்து இராமனால் மீண்ட அகலிகை, அவன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்று கேள்விப்பட்டு மறுபடியும் கல்லாகிறாள். இக்கதையைச் சீர்திருத்தக் கதையாகவே பலரும் வாசிக்கிறார்கள்; தான் நம்பிய நாயகன் தன் இயல்புக்கு மாறாக நடந்துவிட்டான் என்று அறிந்த பக்தையின் கதையாகவும் அதை வாசிக்கலாம், அவ்வாசிப்பில் அது இன்னும் கூர்மையாகிறது.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி இதே இக்கட்டை வேறு விதமாக எதிர்கொண்டார். கல்கி இதழில் தொடராக வந்து, 1958இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற அவருடைய ‘சக்கரவர்த்தித் திருமகன்’, வான்மீகியையும் கம்பரையும் அருகருகே வைத்து, இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார் என்று வாசகரிடம் ஒளிக்காமல் பேசிச் செல்லும் நூல். இராமன் சீதையைக் காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டத்தை நெருங்கும்போது அவர் நின்றுவிடுகிறார். கம்பரும் உத்தர காண்டம் பாடவில்லை. ஆனால் ராஜாஜி, அப்படியொரு காண்டம் இருக்கிறது, அது பெண்களின் துயர் நிறைந்த கற்பனையிலிருந்து எழுந்திருக்கவேண்டும், அதில் அழகும் உண்டு, எனினும் தம் உள்ளம் அதை ஏற்க மறுக்கிறது என்ற பொருள்படத் திறந்து எழுதினார். நாட்டின் தலைமை ஆளுநராகவும் மாகாண முதலமைச்சராகவும் இருந்து ஆணையிட்டுப் பழகிய ஒருவர், நூல் முடிவில் ஒரு சாதாரண ரசிகராகத் தம் மனத்தாங்கலைப் பதிவு செய்தார். காண்டத்தைப் பொய்யென்று அடித்துவிடவும் இல்லை, தாம் விரும்பாததைச் சொல்லும் கடமைக்கு உட்படவும் இல்லை. ஏற்பும் மறுப்பும் ஒரே பக்கத்தில் அமைந்த இந்நிலை, கல்ப பேதக் கொள்கையைவிட நேர்மையானது என்றே தோன்றுகிறது. ஏனெனில் கல்ப பேதம் முரணை வேறொரு காலத்துக்கு அனுப்பிவிடுகிறது, ராஜாஜி அதைத் தம் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டார்.

அவர் ஏற்க மறுத்த அதே காண்டம் 1988இல் வட இந்தியாவில் தலைகீழான வடிவில் வந்தது. ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொலைக்காட்சித் தொடர் பட்டாபிஷேகத்தோடு முடிவதாக இருந்தபோது, ஜலந்தரிலும் பிற நகரங்களிலும் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து உத்தர காண்டத்தையும் காட்டவேண்டுமென்று கோரினர். வால்மீகி முனிவரைத் தங்கள் முன்னோராகவும் வழிபடு தெய்வமாகவும் கொண்ட அவர்களுக்கு, கைவிடப்பட்ட சீதைக்கு அவர் புகலிடம் தந்து இலவனையும் குசனையும் வளர்த்த பகுதியே கதையின் உயிர். அது இல்லாத ராமாயணத்தில் அவர்கள் இல்லை. கோரிக்கை ஏற்கப்பட்டு, தொடர் நீண்டது. ஒருவர் உள்ளம் ஏற்க மறுத்த பகுதியை இன்னொரு சாரார் தெருவில் நின்று கேட்டு வாங்கினார்கள். இருவரும் கதையின்மீது உரிமை கொண்டாடியவர்களே.

இவ்வுரிமை திரிந்துபோவதும் உண்டு. இராவணனைத் தலைவனாக்கிப் புலவர் குழந்தை 1946இல் வெளியிட்ட ‘இராவண காவியம்’ 1948இல் தடை செய்யப்பட்டது, தடை நீங்க 1971 வரை ஆயிற்று. பல ராமாயணங்களைப் பற்றிய ஏ.கே. ராமானுஜனின் கட்டுரை 2011இல் தில்லிப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. ‘என் இராமன் இவன் அல்லன்’ என்பது பக்தனின் கூற்று, அதில் குறையில்லை. ‘வேறு இராமன் எவனும் இருக்கக்கூடாது’ என்பதை அதே அன்பின் பெயரால் சொல்லும்போது, பழைய கதையை இல்லாததாக்கும் ரீபூட் நிறுவனத்தின் செயலையே பக்தனும் எதிர்த்திசையிலிருந்து செய்துவிடுகிறான். மாறிய பாத்திரத்தைச் சகிக்கும் மனம் பலருக்கு உண்டு. தாம் வாழ்ந்த கதை நடக்கவேயில்லை என்று அறிவிக்கப்படுவதைச் சகிப்பவர் அரிது. ஓசூர் வட்டாரத்தில் சபதத் திரௌபதியும் கரகத் திரௌபதியும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் சச்சரவின்றி இருப்பதற்குக் காரணம் மக்களின் தனிப்பட்ட பெருந்தன்மை என்று சொல்லவேண்டியதில்லை; எந்த விழாவும் மற்றதை நீக்கிவிட்டதாக அறிவிப்பதில்லை, அவ்வளவே.

அறிவிக்கும் அதிகாரமும் அங்கு எவருக்கும் இல்லை. சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் அதன் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். அன்றுமுதல் அந்தப் பாத்திரத்துக்கு எது நேர்ந்தது, எது நேரவில்லை என்பதை உரிமை வைத்திருக்கும் நிறுவனமே தீர்மானிக்கிறது, மனம் ஒப்பாத வாசகர் மாற்றுக் கதையை வெளியிட்டால் வழக்குக்கு ஆளாகலாம். திரௌபதிக்கு அத்தகைய உரிமையாளர் இல்லை. கூத்தில் அவள் வேடம் கட்டியவர் பாத்திரத்தைச் சிதைத்துவிட்டதாக ஊர் கருதினால், சொற்பொழிவாளரிடம் முறையிடலாம், விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்து சண்டை போடலாம், அடுத்த விழாவுக்கு முன்பணம் கொடுத்து வேறு கூத்துக் குழுவை அழைத்துக்கொள்ளலாம்.