காவலும் கவலையின்மையும்

பாதுகாப்பைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இன்று வழங்கும் சொல், ‘செக்யூரிடாஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததாகும். அதில் ‘சே’ என்பது ‘இல்லாமல்’ என்றும் ‘கூரா’ என்பது ‘கவலை’ என்றும் பொருள்படுவதால், அச்சொல் தொடக்கத்தில் மதிலையோ காவற்படையையோ சுட்டாமல், கவலை நீங்கிய மனநிலையையே சுட்டியது. உரோமச் சிந்தனையாளர் சிசரோ, மனத்துயர் அற்ற நிலைக்கே அப்பெயரை இட்டார். பிற்காலத்தில்தான் அம்மனநிலையைத் தரும் என்று நம்பப்பட்ட புறக்கருவிகளுக்கும் அச்சொல் பெயராயிற்று. தமிழில் காவல், கவலை என்னும் இரண்டும் ஓசையில் நெருங்கியும் பொருளில் விலகியும் நிற்கின்றன. காவல் பெருகப் பெருகக் கவலை குறையுமா என்ற கேள்வி அரசுக்கு மட்டும் உரியதன்று. மனிதன் தன் நம்பிக்கையை எதன்மேல் வைக்கலாம் என்ற சமயக் கேள்வியும் அதனுள் அடங்கியுள்ளது. அக்கேள்வியை ஆராய்வதற்கு, இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள வீடன் படைக்கலக் கிடங்கு ஏற்றதொரு சான்றாகும்.

நெப்போலியன் படை ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்துவிடும் என்ற அச்சம் இங்கிலாந்தில் உச்சத்தில் இருந்த 1803ஆம் ஆண்டில், நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியாக இக்கிடங்கிற்கான நிலம் பெறப்பட்டது. கடற்கரையிலிருந்து மிகத் தொலைவில் இருந்ததும், துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்ற பர்மிங்காமையும் தலைநகரான இலண்டனையும் இணைக்கும் நீர்வழியின் பகுதியான கிராண்ட் ஜங்ஷன் கால்வாய் அருகே ஓடியதும் வீடனைத் தேர்ந்தெடுக்கக் காரணங்களாயின. படைப் பொறியாளர் ராபர்ட் பில்கிங்டன் பொறுப்பில் எழுந்த அக்கிடங்கில், கால்வாயின் கிளை ஒன்று நடுவே செல்ல, அதன் இரு கரைகளிலும் பக்கத்துக்கு நான்காக எட்டுச் செங்கற் கிடங்குகள் அமைந்தன; அவற்றைச் சுற்றி உயர்ந்த மதிலும், அதன் மூலைகளில் கொத்தளங்களும், அதாவது மதிலை ஒட்டி வரும் பகைவரைப் பக்கவாட்டில் நோக்கித் தாக்குவதற்காக முன் தள்ளிக் கட்டப்பட்ட காவல் அரண்களும் எழுந்தன. படகுகள் நுழையும் நீர்வாயில், மேலிருந்து கீழிறங்கும் இரும்புக் கிராதியால் அடைக்கப்பட்டது.

இம்மதிலின் தருக்கம் எளியது: தீங்கு வெளியே இருக்கிறது, காக்கத்தக்க பொருள் உள்ளே இருக்கிறது. ஆனால் உள்ளே இருந்தது, நாட்டைக் காப்பதற்கென்றே சேர்த்துவைத்த கருவிகள். காக்கும் கருவியையே காக்க வேண்டியிருப்பதால், ஒரு காவல் தனக்கு மேல் மற்றொரு காவலைக் கோரி நிற்கிறது. அந்த வரிசை எங்கே முடியும் என்பதைப் பொறியியலால் சொல்ல இயலாது.

அதே கால்வாய்க் கிளையில் சற்று மேற்கே சென்றால், மற்றொரு மதிற்சுற்றினுள் வெடிமருந்துக் கிடங்குகள் இருக்கின்றன. அங்கே தருக்கம் தலைகீழாகிறது. முதலில் கட்டப்பட்ட நான்கு கிடங்குகளும் ஒன்றையொன்று ஒட்டி நிற்காதவாறு, அவற்றின் இடையிடையே மண் நிரப்பிய கட்டடங்கள் எழுப்பப்பட்டன. யாரும் தங்காத, எப்பொருளும் வைக்கப்படாத அக்கட்டடங்களின் ஒரே பணி, ஒரு கிடங்கு வெடித்தால் அதன் அதிர்ச்சியைத் தாங்கி அடுத்த கிடங்கைக் காப்பதாகும். வெளிமதில் பகைவனை நோக்கி நிற்க, இம்மண்கட்டடங்கள் தாம் காக்கும் பொருளையே ஐயத்தோடு நோக்கி நிற்கின்றன.

இந்த இருவகைக் காவலுக்கும் இடையிலான வேறுபாடு சமயச் சிந்தனைக்குப் புதியதன்று. விவிலியத்தின் 127ஆம் திருப்பாடல், இறைவன் காவாத நகரத்தை மனிதர் காப்பதால் பயன் என்ன என்று கேட்கிறது. அதற்குச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1524ஆம் ஆண்டில் ரீகா நகரக் கிறித்தவர்களுக்காக விளக்கம் எழுதினார். உழைப்பையும் காவலையும் கைவிட வேண்டும் என்பது அவர் கருத்தன்று. அவற்றைச் செய்துகொண்டே, அவற்றின்மேல் நம்பிக்கையை வைக்காதிருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. இறைவனின் வாக்கைச் சார்ந்த உறுதியை ஏற்ற அவர், தன்னிடமோ தன் உடைமையிடமோ உள்ள செருக்கால் வரும் கவலையின்மையை ஆன்மிக நோயாகக் கண்டித்தார். சிசரோவுக்கு இன்பத்தின் அடித்தளமாக இருந்த அதே இலத்தீன் சொல், லூதரிடம் எச்சரிக்கைச் சொல்லாக மாறியது.

நம்பிக்கையின் பெயரால் காவலை விலக்குவதும் இக்கேள்விக்கு விடையாகாது. இடி மின்னலின்போது கோயில் மணியை ஒலித்தால் ஆபத்து விலகும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது. இடிதாங்கியை நிறுவுவது இறைவனின் செயலில் தலையிடுவதாகும் என்ற மறுப்பும் எழுந்தது. 1769ஆம் ஆண்டில் இத்தாலியின் பிரேஷா நகரில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்றை மின்னல் தாக்க, நகரின் ஒரு பகுதி சிதைந்து மக்கள் பெருந்திரளாக மாண்டனர். தேம்ஸ் கரையில் பர்ஃப்ளீட்டில் இருந்த பிரித்தானிய வெடிமருந்துக் கிடங்குகளைக் காக்கும் வழியை ஆராய, பெஞ்சமின் பிராங்க்ளினும் ஹென்றி கேவண்டிஷும் இடம்பெற்ற குழு 1772ஆம் ஆண்டில் அமைந்தது. அது கூர்முனை இடிதாங்கிகளைப் பரிந்துரைத்தது. அவை நிறுவப்பட்ட பின்னரும் 1777ஆம் ஆண்டில் அங்கிருந்த கட்டடம் ஒன்றை மின்னல் தாக்கியது. சேதம் சிறிதாக இருந்தபோதிலும், முனை கூராக இருக்கலாமா, உருண்டையாக இருக்க வேண்டுமா என்ற பூசல் மீண்டும் மூண்டது. மணியோசையை விட்டுக் கம்பிக்கு வந்தவர்களும் கம்பியின் முனையைப் பற்றிக் கவலைப்பட்டனர். நம்பிக்கை வைக்கும் இடம் மாறியதே தவிர, கவலை அகலவில்லை.

வீடனை எந்தப் பகைவனும் தாக்கவில்லை. நெப்போலியனின் படை 1805ஆம் ஆண்டு ஆகஸ்டில் கடற்கரைப் பாசறையை விட்டுக் கிழக்கே திரும்பியது. அக்டோபரில் டிரஃபால்கர் கடற்போரில் அவனது கடற்படையும் தோற்றது. கிடங்கோ 1965ஆம் ஆண்டு வரை நீடித்தது. இந்த அமைதியை மதிலின் வெற்றி என்று பொறியாளரும், இறைவனின் அருள் என்று பக்தரும், தற்செயல் என்று ஐயவாதியும் கொள்ளலாம். நிகழாத ஒன்று மூவருக்கும் ஒருங்கே சான்றாவதால், எவருக்கும் அது சான்றாகாது. வெளிமதில் ‘பகைவன் நுழையமாட்டான்’ என்று உறுதி கூறுவதால், அவ்வுறுதியை மெய்ப்பிக்க வேண்டிய கடன் அதற்கு என்றும் உண்டு. மண் நிரப்பிய கட்டடங்கள் அத்தகைய உறுதி எதையும் கூறுவதில்லை. தவறு நேரக்கூடும் என்பதையும், ஆபத்து தம் வீட்டிலேயே இருக்கிறது என்பதையும் முன்னரே ஒப்புக்கொண்டு, நேரும் தீங்கு அடுத்ததைத் தொடாதிருக்க மட்டுமே அவை முயல்கின்றன. காவலைச் செய்துகொண்டே அதன்மேல் செருக்கு வைக்காதிருத்தல் என்று லூதர் சொன்ன நிலைக்கு, அக்கிடங்கில் இருந்த கட்டடங்களுள் மிக நெருங்கி வந்தவை, உள்ளே மண்ணைத் தவிர வேறெதுவும் இல்லாத அவையே.