காண்பதெல்லாம் நமதாகுமா?

செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் இரவிவர்மாவின் அச்சோவியங்கள் அழகு செய்வதைக் கண்டிருக்கிறோம். அன்று படத்தை விரும்பியவர் விலை கொடுத்து வாங்கினார். இன்றோ, விரலால் தொட்ட அளவில் எவர் எடுத்த படமும் இணையத்திலிருந்து நம் கைக்கு வந்துவிடுகிறது. விழா மலருக்கும் அழைப்பிதழுக்கும் அதனை எடுத்தாள்வோர், 'எல்லாரும் பார்க்கும் படம்தானே' என்று மனத்தைத் தேற்றிக்கொள்கின்றனர். பார்ப்பதற்கென வைக்கப்பட்டது எடுப்பதற்கும் உரியதாகுமா?

கோழியைக் களவாடினால் உரியவருக்குக் கோழி இல்லாமற்போகிறது; படத்தை நகலெடுத்தாலோ, மூலம் அவரிடமே இருக்கிறது. பின் இழப்பு எங்கே என்பர் சிலர். உழைப்புக்குரிய கூலியும் உழைத்தவரின் பெயருமே அவர் இழப்பவை.

ஆயினும் கலைச்செல்வம் என்றென்றும் ஒருவர் பெட்டகத்தில் பூட்டிக்கிடப்பதும் நீதியன்று. முன்னோரிடம் கற்றன்றோ ஓவியரும் வரைகிறார்! எனவே நமது பதிப்புரிமைச் சட்டம் ஓர் எல்லை வகுத்துள்ளது: ஓவியரின் வாழ்நாளும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். 1906-இல் மறைந்த இரவிவர்மாவின் ஓவியங்கள் இன்று அனைவர்க்கும் பொது. 1976-இல் மறைந்த கோவில்பட்டி கொண்டையராஜுவின் நாட்காட்டி ஓவியங்களுக்கோ 2036 முடிய உரிமை உண்டு. ஒரே சுவரில் தொங்கும் இரு படங்களுக்கிடையே இத்தனை வேறுபாடு!

சட்டத்தினும் ஆழமான பாடத்தை நம் காரைக்குடி தருகிறது. பாரதியார் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை விலைக்கு வாங்கியிருந்தவர் இவ்வூரின் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் அப்பாடல்கள் ஒலித்தன. 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளை நாட்டுடைமையாக்கியபோது, அவர் பணம் பெறாமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். உரிமை அவரிடம் இருந்ததால்தான் அது கொடையாயிற்று. கேளாமல் எடுப்பவர், பொருளோடு உரியவரின் கொடுக்கும் பெருமையையும் பறித்துவிடுகிறார்.

இன்றும் கொடையாளர் குறைந்துவிடவில்லை. விக்கிமீடியா பொதுவகத்தில் எண்ணற்றோர் தம் படங்களைப் பிறர் பயன்படுத்த வழங்கியுள்ளனர். அவர்களுள் பலர் கேட்பது, தம் பெயரையும் உரிம விவரத்தையும் குறிப்பிடவேண்டும் என்பதே. அவ்வொரு வரியைச் சேர்க்க நமக்கு என்ன செலவு? பிற படங்களுக்கு உரியவரிடம் ஒரு சொல் கேட்போம். உரியவர் யாரெனத் தெரியாவிடில் அப்படத்தை விட்டுவிடுவோம். நம் ஊர் இளைஞரிடம் கூலி கொடுத்துப் புதிய படம் எடுக்கச் செய்வோம். படத்தின் கீழ் அவர் பெயரையும் அச்சிடுவோம்.