பதின்மூன்று பல்

பாடி திருவலிதாயம், வியாழ பகவான் வழிபட்ட தலம் என்பார்கள். குரு பரிகாரக் கூட்டம் கலைந்த ஒரு வியாழன் மாலை, கோயில் வாசலில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் கியருக்குப் பல் வெட்டி ஓய்வுபெற்ற ஃபோர்மேன். மற்றவன் அவரிடம் கணக்குக் கேட்க வரும் பாலிடெக்னிக் பையன்.

“பகா எண் கஞ்சன் சார்,” என்றான் சீடன். “12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். 13-க்கு 1, 13, அவ்வளவுதான்.”

“1 எந்தக் கட்சி?”

“அதுவும் பகா எண்தானே?”

“இல்லை. 12-ஐப் பகா எண்களாக உடைத்தால் 2×2×3. எப்படி உடைத்தாலும் இதே மூன்று பேர்தான் வருவார்கள். 1-ஐயும் பகா எண் என்று சேர்த்தால் 1×2×2×3, 1×1×2×2×3 என்று வால் நீண்டுகொண்டே போகும். ஒரு எண்ணுக்கு ஒரே பிரிப்பு என்ற உறுதி கெட்டுவிடும். அதனால் அது பகாவும் இல்லை, பகுவும் இல்லை.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு குருவே பட்டறைக்கு வந்தார். 12 பல் பினியன் 36 பல் கியரை ஓட்டுகிறது. பினியனின் ஒரு பல், எதிரில் இருக்கும் 36-இல் மூன்றை மட்டுமே திரும்பத் திரும்பச் சந்திக்கும். அந்தப் பல்லில் ஒரு பிசிறு இருந்தால் அடி முழுக்க அந்த மூன்றுக்குத்தான். பினியனை 13 பல்லாக மாற்றினால், அது 36 சுற்று சுற்றிய பிறகே பழைய ஜோடி சேரும். தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் பரவும்.

“அப்போது கஞ்சன்தான் நல்லவன்!”

“அவசரப்படாதே. அதே 13-ஐ 39-க்கு எதிரே வை.”

பையன் விரல் மடக்கினான். 39 என்பது 3×13. மறுபடியும் மூன்றே மூன்று பல்.

“இப்போது 25-ஐயும் 36-ஐயும் சேர்த்துப் பார். இரண்டும் பகு எண். ஆனால் 5×5-க்கும் 2×2×3×3-க்கும் பொதுவாக 1-ஐத் தவிர ஏதுமில்லை. எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் பார்க்கும். தனியாக நிற்கும் எண்ணிடம் இந்தக் குணம் இல்லை. பக்கத்தில் யார் நிற்கிறார் என்று கேட்கவேண்டும்.”

கஞ்சனுக்கு நேரெதிராக, காரணி பெருத்த எண்களுக்கென்றே ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன். 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் விட அதிகக் காரணிகள் கொண்டவற்றை உயர் பகு எண்கள் என்றார். 60 அப்படிப்பட்டது. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் 12 காரணிகள் கிடையாது. நம் முன்னோர் நாளை அறுபது நாழிகையாக வகுத்ததில் இந்த வசதி இருக்கிறது: பாதி, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று, எல்லாம் முழு நாழிகை.

“அந்தக் கட்டுரையில் அவர் தந்த பட்டியலில் கடைசி எண் 6746328388800. காரணிகள் 10080. கையால் போட்ட பட்டியல். நடுவில் ஒன்று விட்டுப்போயிற்று: 293318625600.”

“ராமானுஜனுக்கா?” பையன் முகத்தில் மகிழ்ச்சி கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தது.

“அதை 23-ஆல் பெருக்கிப் பார்.”

செல்போனில் போட்டுப் பார்த்தான். பட்டியலின் கடைசி எண் அப்படியே வந்து நின்றது.

குருவின் பழைய சைக்கிள் சுவரோரம் சாய்ந்திருந்தது. பையன் குத்துக்காலிட்டுப் பின்சக்கரப் பல்லை எண்ணினான். “18 சார்.”

“செயினில் உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வரும். 18 இரட்டைப்படை. ஒரு பல்லுக்கு உள் கண்ணி வந்தால், செயினைக் கழற்றி மாட்டும்வரை அதற்கு உள் கண்ணிதான்.”

“17 போட்டால்?”

“இரண்டும் மாறி மாறி வரும். முன் சக்கரத்தையும் எண்ணு.”

கிரீஸ் பட்ட விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அவன் முன்பக்கம் நகர்ந்தான்.