சுமைதாங்கியைப் படத்தில் போடுவது யார்?

சுன்னாகத்தில் மூன்று பரப்புக் காணியில் வீடு கட்ட நினைப்பவர், மேசனைப் பிடிக்குமுன் அலுமாரியைத் திறந்து உறுதியைத் தேட வேண்டும். உறுதி கைக்கு வந்தால் நில அளவையாளரின் படம், அதை வைத்து வீட்டுப் படம், பிறகு வலிகாமம் தெற்குப் பிரதேச சபையில் விண்ணப்பம். வீண் அலைச்சல் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஊர் தன் மண்ணை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பது முழுவதும் அந்தக் கடதாசிக் கட்டுக்குள்தான் அடுக்கடுக்காகக் கிடக்கிறது.

முதல் அடுக்குக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடித்தளம். கட்டத் தொடங்குமுன் அனுமதி, கட்டி முடித்துக் குடிபுகுமுன் இணக்கச் சான்றிதழ் என்ற இரண்டும் அதிலிருந்து வந்தவை. சுன்னாகத்துக்கென்று பட்டின சபை இருந்த காலத்தில் அது செய்த இந்த வேலையை, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பிரதேச சபை செய்கிறது. அந்தச் சட்டம் சபையிடம் ஒப்படைத்தவை மூன்று: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள். வீதிக் கோட்டிலிருந்து மதில் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது மூன்றாவதில் அடங்கும். மலகூடக் குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது முதலாவதில்.

அந்தக் குழி விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் நாடாவைக் கிணற்றுக் கட்டில் வைத்து இழுக்கிறார். அடுத்த நுனி வளவின் மூலைக்குப் போகிறது. பிறகு வேலிக்கு மேலால் எட்டி, அடுத்த வீட்டுக் கிணறு எங்கே என்று கேட்கிறார். வீட்டுக்காரருக்கு எரிச்சல் வரலாம். அவருடைய கிணறு தூரத்தில்தானே இருக்கிறது! ஆனால் எங்கள் காலடியில் கிடப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழை இறங்கி அந்தக் கல்லுக்குள் தேங்குவதைத்தான் எல்லோரும் அள்ளிக் குடிக்கிறோம். மேலே வேலி போட்டிருக்கிறோம். கீழே தண்ணீருக்கு வேலி கிடையாது.

இந்த உண்மையைச் சுன்னாகம் பெரும் விலை கொடுத்து அறிந்தது. மின் நிலைய வளவிலிருந்து கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்ததென்ற குற்றச்சாட்டு 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரிதாக எழுந்தது. வாளியை இழுத்தால் எண்ணெய்ப் படலம் மினுங்கிய கிணறுகளை, சுற்றியுள்ள ஊர்ச் சனம் கைவிட வேண்டி வந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஒரு வீட்டின் மலகூடக் குழியை அடிக்கணக்கில் அளக்கிற ஊரில், அவ்வளவு பெரிய தொழில் எங்கே இருக்கலாம், எப்படி நடக்கலாம் என்பதைக் கொழும்பிலுள்ள அதிகார சபைகள் தீர்மானித்தன. நிலப் பயன்பாட்டைத் திட்டமிடுவது அழகான வரைபடம் கீறுகிற வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கிணறுகளைத்தான்.

இரண்டாவது அடுக்கு, நகர அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கிய 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம். வர்த்தமானியில் அபிவிருத்திப் பிரதேசம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் அதன் ஒழுங்குவிதிகளும் சேர்ந்துகொள்கின்றன. காணித் துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. எங்கள் கணக்கில் அரைப் பரப்புக்குச் சற்றுக் கூட. மூன்று பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாக ஒரு வளவைப் பிரித்தவர்களுக்கு இந்த விதியின் அழுத்தம் தெரியும். பின் துண்டுக்குப் போக ஒழுங்கை விட வேண்டும், அந்த ஒழுங்கையால் அம்புலன்ஸ் வர வேண்டும். பிரிக்கும்போது இதைப் பார்க்காவிட்டால் பிறகு பார்க்க வழியில்லை.

மூன்றாவது அடுக்கு மண்ணுக்குள் இருக்கிறது. சுன்னாகத்தை ஒட்டிய கந்தரோடையில் பனைகளுக்கிடையே சின்னச் சின்னக் கல் தூபிகள் வட்டமாகக் குந்தியிருக்கின்றன. 1917இலிருந்து போல் ஈ. பீரிஸ் அங்கே தோண்டினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு வந்து, பெருங்கற்காலத்துக் கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களைக் கண்டது. இவை 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இங்கே பிரதேச சபையின் குரல் மிகச் சிறியது. தொல்லியல் திணைக்களம் மத்திய அரசுடையது. தமிழ்ப் பகுதிகளில் அதன் பெயர்ப்பலகையைக் கண்டாலே சனம் கலங்குவதற்குக் காரணம் உண்டு. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென்று அமைத்த ஜனாதிபதி செயலணியில், தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரும் இருக்கவில்லை. தன் ஊரின் பழமையைப் பற்றித் தன்னிடம் கேளாத திணைக்களத்தை ஊர் எப்படி நம்பும்?

அதே தொல்பொருட்கள் சட்டம் புராதனச் சின்னத்துக்கு எல்லையாக வைத்திருப்பது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாளை: 1815 மார்ச் 2. அதற்குப் பிந்தியதையும் வர்த்தமானியில் அறிவித்துச் சேர்க்கலாம். ஆனால் யாராவது ஒருவர் அதைக் கேட்க வேண்டும். எங்கள் வீதியோரச் சுமைதாங்கிகளுக்காகக் கேட்பவர் யார்? நிறுத்திய கற்களின்மேல் ஒரு கிடைக்கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக வைத்தது. தலைச்சுமைக்காரி ஒருவரின் உதவியும் இல்லாமல் கடகத்தை அதில் இறக்கி மூச்சு விடுவாள். பக்கத்தில் மாடு உடம்பு உரசுகிற ஆவுரோஞ்சிக்கல், தண்ணீருக்கு ஒரு கேணி, சில இடத்தில் மடமும். பழைய உறுதிகளில் இவை இருக்க வாய்ப்பில்லை, திணைக்களப் பட்டியலில் ஏறுவதும் அரிது. வீதியை அகட்டும்போது இயந்திரத்தின் ஒரு கோரலோடு போய்விடும்.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தம், தேசிய முக்கியத்துவம் உடையவையென நாடாளுமன்றச் சட்டத்தால் அறிவிக்கப்படாத வரலாற்றுச் சின்னங்களை மாகாணப் பட்டியலில் வைத்தது. உள்ளூராட்சியும் அதே பட்டியலில்தான். சுமைதாங்கி போன்றவற்றை ஊரே அடையாளம் கண்டு காப்பதற்கு இதைவிடப் பொருத்தமான கதவு எனக்குத் தெரியவில்லை. ஆனால் 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பிறகு தேர்தல் நடக்கவில்லை.

அது நடக்கும்வரை இருப்பது பிரதேச சபையும் அந்த நாடாவும்தான். உத்தியோகத்தர் வளவுக்கு வருகிற நாளில் கிணறு எங்கே என்று கேட்கிறார். வாசலோரம் நிற்கிற கல்லைப் பற்றியும் கேட்டு, படத்தில் ஒரு புள்ளி போட்டு, கோப்பில் ஒரு வரி எழுதலாம். அதற்குக் கொழும்பின் உத்தரவு தேவையில்லை. அவர் கேட்க மறந்தால், அது யார் நினைவுக்கு வைத்த கல் என்று ஒழுங்கைக்குள் இருக்கிற கிழவி ஒருத்தி சொல்லுவாள்.