எறிந்த பொருளும் எஞ்சிய பயனும்

ஒரு பொருளை உடையவர் வேண்டாமென்று ஒதுக்கிவிட்ட பின், அதில் எஞ்சியிருக்கும் பயனுக்கு யார் பொறுப்பு? அற்பமான கேள்வியாகத் தோன்றினும், நம் மார்க்கப் பற்றை உரைத்துப் பார்க்கும் கேள்வி இது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ந் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்படவே, டிரெட்மில், சைக்கிள் இயந்திரம், எடை தூக்கும் பெஞ்சு என்று பலர் வீட்டுக்கே வாங்கிக்கொண்டனர். கட்டுப்பாடு நீங்கியது, பலருக்கு ஆர்வமும் நீங்கியது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இடத்தை அடைத்துக்கொண்டும், கிள்ளான் வீட்டு வாசலில் மழையில் நனைந்துகொண்டும் கிடப்பவை இத்தகைய பொருள்களே. இறுதியில் அவை குப்பை லாரி ஏறுகின்றன.

கைத்தொழில் அறிந்த சிலர் அவற்றை வேறு கண்கொண்டு பார்க்கின்றனர். டிரெட்மில் பட்டையின் அடியிலுள்ள கனத்த பலகையும், இரும்புக் குழாய்களும் சேர்ந்தால் பிள்ளைகள் படிக்க ஒரு மேசை. எடை தூக்கும் பெஞ்சின் சட்டத்தில் பலகை பொருத்தினால் வாசலில் அமர ஓர் ஆசனம்.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தருமமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தலாகாதா என்று வினவினார்கள். செத்த ஆடாயிற்றே என்றபோது, உண்பதுதான் விலக்கப்பட்டது என்று விளக்கினார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலில் பெயர் பெற்ற நம் சமூகத்தார்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். தோல் அப்படியே பயன்படாது, பதனிட வேண்டும்.

பழைய இரும்புக்கும் பதனிடுதல் உண்டு. முதலாவது, அனுமதி. உரியவர் கைவிட்டது தெளிவானால் எடுத்துக்கொள்ளலாம். மாடிப்படி அருகே வைக்கப்பட்டதெல்லாம் கைவிடப்பட்டதாகாது. கதவைத் தட்டிக் கேட்பதே முறை. இரண்டாவது, நேர்மையான வேலை. அந்தப் பலகை மரநாரை அழுத்திச் செய்தது. ஓரத்தில் நீர் புகுந்தால் ஊதிவிடும். அறுத்த குழாயின் முனை கையைக் கிழிக்கும். ஓரத்தை அடைத்து, முனையை மூடி, நாமே அமர்ந்து பார்த்த பின்னரே பிறரை அமரச் சொல்ல வேண்டும். மூன்றாவது, தருமம். கண்ணை மூடிக்கொண்டன்றி நாம் வாங்கமாட்டாத பொருளைப் பிறர்க்குக் கொடுக்க எண்ணாதீர் என்பது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் தரும் போதனை. ஆடுகிற பெஞ்சை மதரஸாவுக்கு அனுப்பிவிட்டு நன்மையை எதிர்பார்ப்பது எப்படித் தகும்?

சகோதர சகோதரிகளே! இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பிற்பாடு மேசையாக்கிக் கொள்ளலாம் என்ற தைரியத்தில் தேவையற்றதை வாங்குவோமாயின், நம் சிக்கனமே விரயத்திற்கு வாசலாகிவிடும். தோல் பயன்படும் என்பதற்காக எவரும் ஆட்டைச் சாகவிட மாட்டார். எறிந்ததைக் காப்பது நன்மை. எறிய வேண்டியதை வாங்காதிருப்பது அதனினும் நன்மை.

பொருள் யாவும் அல்லாஹ்வின் அமானிதம். வாங்கும்போது அளவையும், ஒதுக்கும்போது பொறுப்பையும் மறவாதிருக்க அவன் நம் அனைவர்க்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.