இயலாமையும் கொடாமையும்

நெருக்கடிக் காலத்தில் ஒரு சிறு தொழில் எவ்வாறு பிழைத்து வளர்வது என்று கேட்டால், சிக்கனம், புதிய சந்தை, புதிய சரக்கு என்று விடை கூறுவோர் பலருளர். அவ்விடைகளில் தவறில்லை. ஆயினும் திருப்பூர் வட்டாரத்துப் பின்னலாடைத் தொழிலை உற்று நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலப்படும். ஆர்டர் குறைந்ததும் அங்கே பலரும் முதலில் கைக்கொள்ளும் வழி, கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடாமல் நிறுத்தி வைப்பதே. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டால் போதும். வங்கிக்கு விண்ணப்பம் எழுத வேண்டுவதில்லை, ஈடு காட்ட வேண்டுவதில்லை, வட்டியும் இல்லை. கடன் கொடுப்பவனுடைய சம்மதத்தைக் கேளாமலேயே பெறப்படும் கடன் இது. இவ்வழியில் ஒரு தொழில் பிழைத்துவிடுமாயின் அதனைத் திறமை என்று கொள்வதா, அநீதி என்று கொள்வதா? இதனையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

ஒரு பனியன் தொடக்கமுதல் முடிவுவரை ஒரே கூரையின் கீழ் உருவாவது பெரிய நிறுவனங்கள் சிலவற்றில்தான். மற்ற இடங்களில், மில்லிலிருந்து வந்த நூல் ஒருவருடைய நிட்டிங் கூடத்தில் துணியாகிறது. மற்றொருவருடைய சாயப்பட்டறையில் நிறம் பெறுகிறது. வேறொருவரிடம் காம்பாக்டிங் முடிந்து, வெட்டப்பட்டு, பவர் டேபிள் எனப்படும் சிறு தையற் கூடத்திற்குச் செல்கிறது. பிறகு காஜா, பட்டன், அச்சு, செக்கிங், அயர்ன் என்று எத்தனையோ கைகள். இவர்களிற் பெரும்பாலோர் ஜாப் ஒர்க் செய்பவர்கள். துணி அவர்களுடையதன்று, இயந்திரமும் உழைப்பும் மட்டுமே அவர்களுடையவை. வாரந்தோறும் சனிக்கிழமை தையற்காரருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். வாடகையும் மின் கட்டணமும் தவணை தவறக்கூடாது. ஆனால் அவர்கள் எழுதிக் கொடுத்த பில் மட்டும் காத்திருக்கும். ஏற்றுமதியாளரைக் கேட்டால், சரக்குக் கப்பலேறி 60 நாள், 90 நாள் கழித்தே வெளிநாட்டுக் கொள்முதலாளர் பணம் அனுப்புகிறார் என்பார். அதுவும் பொய்யன்று. விளைவு என்னவென்றால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கில் கிளைகள் வைத்திருக்கும் பெருங்கடைக்கு, பல்லடம் சாலையோரத்தில் பத்துத் தையல் இயந்திரங்களைப் போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்! உலக வாணிபத்தின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததன்று. 1925ஆம் ஆண்டையொட்டிக் குலாம் காதர் என்பார் கல்கத்தாவில் பின்னல் இயந்திரத்தைக் கண்டு, அத்தொழிலைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தார் என்று அவ்வூர் வரலாறு எழுதுவோர் குறிப்பர். நீண்ட காலம் வெள்ளைப் பனியனே அங்குச் சரக்கு. 1978இல் இத்தாலி நாட்டிலிருந்து வெரோனா என்னும் கொள்முதலாளர் வந்தபின் ஏற்றுமதி வழி திறந்தது. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. அதன் பின்னர் வேலையைத் துண்டு துண்டாக வெளியே கொடுக்கும் வழக்கம் மேலும் வேகம் கொண்டது. தொழிலாளியாயிருந்தவர் நாலு இயந்திரம் வாங்கி முதலாளியானதும், அவரிடமிருந்து வேறொருவர் பிரிந்து சென்று தனிக்கூடம் வைத்ததும் அவ்வூரின் பெருமைக்குரிய வரலாறு. அப்பெருமையை நாம் குறைத்துக் கூறோம். ஆனால் பிரிந்து சென்றவர் தம்மோடு நட்ட அபாயத்தையும் சுமந்து சென்றார் என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

கடனைப் பற்றி நம் மார்க்கம் இரண்டு போதனைகளைத் தந்திருக்கிறது. கடன்பட்டவன் கஷ்டத்தில் இருப்பானாயின் வசதி வரும்வரை அவனுக்கு அவகாசம் அளிக்குமாறு திருமறை அறிவுறுத்துகிறது. வசதியுள்ளவன் கொடுக்க வேண்டியதை இழுத்தடிப்பது அநீதி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இரண்டும் நாம் அறிந்தவையே. ஆனால் நடைமுறையில் நிகழ்வது என்ன? பணம் வரவேண்டியவர் இரண்டாவதை நினைவு கூர்கிறார். பணம் தர வேண்டியவர் முதலாவதை நினைவு கூர்கிறார். காலையில் தம் பாக்கியை வசூலிக்கச் சென்ற இடத்தில் ஒன்றையும், மாலையில் தம் வாசலில் வந்து நிற்பவரிடம் மற்றொன்றையும் கூறும் ஒரே மனிதரையும் நாம் காணலாம். ஆகவே, இயலாமை எது, கொடாமை எது என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும்.

மெய்யான இயலாமைக்குத் திருப்பூர் பல சான்றுகளைக் கண்டிருக்கிறது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, வெளிநாட்டுக் கடைகள் மூடப்பட்டு, கொடுத்த ஆர்டர்கள் திரும்பப் பெறப்பட்டன. தைத்து முடித்த சரக்கும் தேங்கியது. 2022இல் பருத்தி விலை ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பழைய விலைக்கு ஆர்டர் எடுத்தவர்கள் புதிய விலைக்கு நூல் வாங்கித் தத்தளித்தனர். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குகளின் மீதான கூடுதல் தீர்வையை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, அந்நாட்டை மட்டுமே நம்பியிருந்த கம்பெனிகள் ஒரே வாரத்தில் திகைத்து நின்றன. இத்தகைய காலங்களில் "என்னால் முடியவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதனை நம்ப மறுப்பது கொடுமை.

எனினும் அவருடைய கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். மில்லுக்குப் பணம் சென்றிருக்கிறது. செல்லாவிட்டால் நூல் வராது. மின்கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது, கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்து விடுவார்கள். வங்கித் தவணை சென்றிருக்கிறது. செல்லாவிட்டால் கணக்கு வாராக் கடனாகிவிடும். வரியும் செலுத்தப்பட்டிருக்கிறது. நின்று போனது தையல் ஜாப் ஒர்க்காரரின் பில்லும், காஜா அடித்தவரின் பில்லும், செக்கிங் பெண்களின் கூலியுந்தான். முடியவில்லை என்ற சொல்லுக்கு இங்கே உண்மையான பொருள் என்ன? "உன்னால் என்னை ஒன்றும் செய்ய முடியாது" என்பதன்றோ! அச்சத்தின் வரிசையில் பணம் கொடுக்கப்படுகிறது. அச்சுறுத்த முடியாதவன் கடைசியில் நிற்கிறான். எனவே ஒருவருடைய இயலாமையை அளப்பதற்குக் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதைக் காட்டிலும், இருந்ததை எந்த வரிசையில் கொடுத்தார் என்று கேட்பதே தகும் என்பது நம் துணிபு.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. அதனை நாம் ஒதுக்கிச் செல்லலாகாது. எளியவனுக்கு முதலில் கொடுத்துவிட்டு மில்லுக்குப் பாக்கி வைத்தால் நூல் நின்றுவிடும், கம்பெனி மூடப்படும், அப்போது அந்த எளியவனுக்கும் வேலையில்லை, யாருக்காக இந்த நியாயம், என்று கேட்பார்கள். கேள்வி நேர்மையானது. ஆனால் ஓர் ஆடையின் அடக்கவிலையில் நூலும் சாயமும் கொள்ளும் பங்கு பெரிது. தையற்கூலியின் பங்கு சிறிது. பெரும்பாக்கியில் ஒரு சிறு பகுதியை ஒத்திப்போட மில்காரரிடம் பேச முடியுமாயின், அதைக் கொண்டே பல சிறு பில்களைத் தீர்த்துவிடலாம். மில்காரரிடம் பேசுவதற்கு நா எழுவதில்லை. ஜாப் ஒர்க்காரரிடம் பேசாமலே இருந்துவிடலாம். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. அதுவும் இயலாதபோது, நிலைமையை வெளிப்படையாகச் சொல்லி, ஒரு பகுதியையேனும் கொடுத்து, எஞ்சியதற்கு நாள் குறித்துத் தரலாம். அடுத்த லாட் துணியை எடுப்பதா, வேண்டாமா என்று அவர் தாமே முடிவு செய்யட்டும். பழைய பில்லுக்கு வழியில்லை என்று தெரிந்தும் அதனை மறைத்துப் புதிய லாட்டை அவர் தலையில் கட்டுவதுதான் நம் மனத்திற்குப் பொறுக்கவில்லை. தாமதம் மன்னிக்கத்தக்கது. இந்த மறைப்போ ஏமாற்று வேலை.

பாக்கி வைத்துப் பிழைத்த கதையில் பேச முடியாத ஒரு கடன்காரரும் உண்டு: நொய்யலாறு. சாயக் கழிவைச் சுத்திகரிக்கும் செலவு ஒவ்வொரு பனியனின் விலையிலும் சேர்ந்திருக்க வேண்டிய செலவு. அதனைச் சேர்க்காமல் விலை குறைத்து விற்று, கழிவை ஆற்றில் விட்டபோது, அந்தச் செலவு கீழே பாசனத்தை நம்பியிருந்த உழவர்களின் கணக்கில் எழுதப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. உழவர்கள் நீதிமன்றப் படிகளை ஏறினர், கெடுக்கள் விதிக்கப்பட்டன, கெடுக்கள் கடந்தன. இறுதியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. துணியை வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அனுப்பிச் சாயமேற்ற வேண்டிய நிலை வந்தது. பல ஆண்டுப் பாக்கி ஒரே நாளில் கேட்கப்பட்டது எனலாம். பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரின் மிகப் பெரும்பகுதியை மீட்டு மறுபடியும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை நிலைபெற்றது; இன்று அதே முறையை அவ்வூர் தன் சிறப்பாக வெளிநாட்டாரிடம் எடுத்துச் சொல்கிறது. செலவாகும், தாங்காது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்டது எதுவோ, அதைச் செய்துகொண்டேதான் தொழில் நடக்கிறது. ஆனால் இடையில் நிலத்தை இழந்த உழவருக்கும், மூடலைத் தாங்கமாட்டாது மறைந்த சிறு பட்டறைக்காரருக்கும் அந்தச் சிறப்பில் பங்கில்லை.

சட்டம் என்ன செய்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம், குறு, சிறு தொழில் செய்வோர்க்குரிய பணத்தை, ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்குக் கூட்டுவட்டி. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், அவ்வாறு கெடு கடந்த பாக்கியை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும் என்று திருத்தம் கொண்டுவந்தது. நல்ல சட்டங்கள். ஆனால் முறையிட்டவனுக்கு மறுநாள் லாட் வராது என்ற அச்சத்தை எந்தப் பிரிவாலும் நீக்க முடிவதில்லை. சட்டத்தின் பயனைப் பெறுவதற்கான பதிவையே செய்துகொள்ளாத கூடங்களும் பல.

ஆகவே சிறியவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் வழிகளையும் நாம் சொல்லாமல் விடலாகாது. எல்லா இயந்திரங்களையும் ஒரே கம்பெனிக்கு ஒப்படைத்தவர், அந்தக் கம்பெனியின் நெருக்கடியையும் சேர்த்து வாங்கிக்கொண்டவராவார். ஏற்றுமதி வேலை செய்வோர் சில இயந்திரங்களையேனும் தீபாவளி, பொங்கல் உள்நாட்டுச் சரக்குக்கு ஒதுக்குவது நன்று. 2020இல் முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைக்க விரைந்து மாறியவர்கள் அந்தக் கோடையைக் கடந்தார்கள். துணி வந்ததற்கும் தைத்துச் சென்றதற்கும் சலான் எழுதி வைப்பதைச் சிலர் அவநம்பிக்கை என்று நினைக்கின்றனர். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருமறையே விரிவாகப் பணித்திருக்க, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எல்லாவற்றிற்கும் மேலாக, நல்ல ஆண்டில் வந்த பணம் நடைமுறை முதலாகக் கையிலிருக்க வேண்டும். அதனைக் கொண்டு வீட்டுமனை வாங்கிவிட்டு, அடுத்த ஆண்டு "கையில் காசில்லை" என்று கூறுவாரின் இயலாமை அவரே விலை கொடுத்து வாங்கியது.

குறித்த நாளில் கொடுப்பவருக்கு ஒரு பலனும் கிடைப்பதுண்டு. சீசன் உச்சத்தில் எல்லாரும் பவர் டேபிள்களைத் தேடி அலையும்போது, யாருடைய துணியை முதலில் மேசையில் ஏற்றுவது என்று தீர்மானிப்பவர் ஜாப் ஒர்க்காரரே. அந்தச் சில வாரங்களில் அவர் பழைய கணக்கை மறப்பதில்லை. ஆயினும் நம் வாதத்தை இந்தப் பலனின்மேல் நிறுத்த நமக்கு விருப்பமில்லை. பலன் வராமல் போனவர்களும் உண்டு, இழுத்தடித்தே மாளிகை கட்டியவர்களும் உண்டு.

இனி எஞ்சுவது ஜாப் ஒர்க்காரரின் கீழ் வேலை செய்பவர்கள். மேலிருந்து பணம் வராதபோது அவரும் தம் தையற்காரரிடம் "அடுத்த வாரம்" என்கிறார். எனக்கே வரவில்லை, நான் எங்கிருந்து கொடுப்பது என்ற அவருடைய கேள்வி உருக்கமானதுதான். ஆனால் நம் ஃபிக்ஹு நூல்கள் வாணிபக் கூட்டையும் கூலி உடன்படிக்கையையும் வேறு வேறாக வைத்திருப்பதன் நுட்பத்தை இங்கே நினைவு கூரலாம். முதாரபாவில் உழைப்பவர் லாபத்தில் பங்கு பெறுகிறார். ஆதலின் நட்டம் வந்தால் அவர் உழைப்பும் வீணாகிறது. இஜாராவில் கூலி முன்னரே பேசப்படுகிறது. முதலாளிக்கு எவ்வளவு லாபம் வந்தாலும் தொழிலாளிக்குக் கூடுதலாக எதுவும் இல்லை. நல்ல ஆண்டில் தம் லாபத்தில் பங்கு தராதவர், கெட்ட ஆண்டில் தம் காத்திருப்பில் பங்கு கேட்பது எந்த உடன்படிக்கையின்படி? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஒற்றையறையில் நால்வராகத் தங்கி, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் அந்த இளைஞர், "அடுத்த வாரம்" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்? மளிகைக் கடைக்காரர் அதனை ஏற்பதில்லை, வீட்டுக்காரரும் ஏற்பதில்லை.