ஒருவன் களவும் பலர் கடனும்

களவெடுத்தவன் ஒருவன்; அதற்கு ஈடு செலுத்துபவர் களவெடாத பலர். இது நீதியா? ‘அன்று’ என்றே நம் மனம் உடனே விடை கூறும். ஆனால், இங்கிலாந்தின் சொலிசிட்டர்கள் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கு ‘ஆம்’ என்னும் விடையைத் தமது பணப்பையிலிருந்தே கொடுத்து வருகின்றனர். மனமுவந்து கொடுக்கிறார்களா, சட்டம் பணித்ததாற் கொடுக்கிறார்களா என்பது வேறு விடயம்.

சொலிசிட்டர் என்பார் யார்? நம் நாட்டில் 1973ஆம் ஆண்டு முடியும்வரை ‘பிறக்கிராசி’ என்றொரு வகுப்பார் இருந்தனர். 1974 தொடக்கம் அப்புக்காத்தும் பிறக்கிராசியும் சட்டத்தரணி என்ற ஒரே பெயருள் அடங்கிவிட்டனர். (யாழ்ப்பாணத்து முதியோர் வாயில் பிறக்கிராசியார் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.) அந்தப் பிறக்கிராசிக்கு மூத்த உறவினர் என்று இங்கிலாந்தின் சொலிசிட்டரைக் கூறலாம். வீடு கைமாறுவதும், இறந்தவரின் சொத்துப் பங்கிடப்படுவதும், மணமுறிவில் உடைமை பிரிவதும் அவர் மேசையிலேயே நிகழ்கின்றன. வீடு வாங்குவோன் தன் வாழ்நாட் சேமிப்பு முழுவதையும் சில நாட்களுக்கேனும் அவர் கையில் ஒப்படைக்கிறான். அந்தச் சில நாட்களிலேதான் நமது வினா பிறக்கிறது.

பிறர் பொருளையும் தம்முடையதுபோலக் கருதிப் பேணுவதே வணிகர்க்கு வணிகம் என்பது வள்ளுவர் கருத்து. சிலர் ‘பேணுதல்’ என்பதை மட்டும் மறந்துவிட்டு, ‘தம்முடையதுபோல’ என்பதை இறுகப் பிடித்துக்கொண்டனர்!

இங்கிலாந்தின் சட்டச் சங்கம் 1825இல் தோன்றியது. 1888ஆம் ஆண்டுச் சட்டம், தவறிழைத்த சொலிசிட்டரை விசாரிக்கும் பொறுப்பை அச்சங்கத்தாரைக் கொண்ட குழுவொன்றிடம் அளித்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1901இல் கட்சிக்காரரின் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காகச் சிறை சென்றவர் யார் தெரியுமா? அச்சங்கத்தின் முன்னாள் தலைவரான பெஞ்சமின் லேக். தலைவரே இவ்வாறாயின் தனிமனிதரின் நல்லொழுக்கத்தை மட்டும் நம்பி என்ன பயன்? கட்சிக்காரர் பணத்தைத் தம் பணத்தோடு கலக்காது தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது இன்று நமக்கு எளிய உண்மையாகத் தோன்றுகிறது. ஆயின் அது கட்டாய விதியாவதற்கு 1933ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்வழி 1935இல் வந்த விதிகளும் வேண்டியிருந்தன. 1941ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஓரடி எடுத்து வைத்தது. சொலிசிட்டரின் நேர்மையின்மையால் இழந்தவருக்கு ஈடு செய்ய எல்லாச் சொலிசிட்டர்களும் பணம் போடும் நிதியம் அதனால் உருவாயிற்று.

சிற்றூரொன்றில் முதியோரின் மரணசாசனங்களை எழுதிக்கொண்டு, ஒரு சதத்துக்கும் கணக்குக் காட்டி வாழும் பெண்மணி ஒருவரை எண்ணிப் பாருங்கள். லண்டனில் தாம் முகமே அறியாத ஒருவர் செய்த களவுக்கு அவர் ஏன் இறுக்க வேண்டும்? இவ்வினாவை இலேசாகத் தள்ளிவிட முடியாது. கூட்டுத் தண்டனையை வெறுக்கக் கற்றவர்கள் நாம்.

ஆனால் அவரிடம் வரும் கட்சிக்காரர் எதை நம்பி வருகிறார்? அவருடைய குணநலனை ஆராய்ந்தன்று. ஆராயும் வல்லமை கட்சிக்காரருக்கு இல்லை. வாசற் பலகையில் எழுதப்பட்ட ‘சொலிசிட்டர்’ என்ற சொல்லை நம்பியே வருகிறார். அச்சொல் எந்தத் தனியொருவரின் சொத்துமன்று. 1993இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் சேர் தோமஸ் பிங்ஹம் வழங்கிய தீர்ப்பின் சாரமும் இதுவே: ஒரு தொழிலின் தலைசிறந்த செல்வம் அதன் கூட்டு நற்பெயர், தனியொரு உறுப்பினரின் வாழ்வு தாழ்வினும் அது பெரிது. பொதுச் சொத்தின் விளைச்சலை ஆண்டுதோறும் உண்பவர், அதன் வேலி பிரிந்தபோது மட்டும் ‘எனக்கென்ன?’ என்று கேட்க முடியுமா? ஆகவே அந்தப் பெண்மணி செலுத்துவது தண்டமன்று. தாம் பயன்கொள்ளும் பெயருக்குரிய வாடகை என்றே நான் கருதுகிறேன்.

இவ்விடத்தில் என் சொந்தக் கதையொன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நான் படிப்பித்த பாடசாலையில், சுற்றுலாவுக்கென மாணவர் கட்டிய பணத்தை ஆசிரியர் ஒருவர் செலவழித்துவிட்டார். ஆசிரியர் அறையில் நாங்கள் கூடினோம். ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுத் தொகையைத் திரட்டினோம். பிள்ளைகள் சுற்றுலா சென்று பாட்டும் கூத்துமாகத் திரும்பினார்கள். ஒரு பெற்றோருக்கும் செய்தி தெரியாது. அன்று என் உள்ளத்தில் இருந்தது பெருமிதம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் காத்தது பிள்ளைகளையா, எங்களையா என்ற ஐயம் பிற்பாடுதான் வந்தது. ஈடு செய்வது அறம். ஆனால் தீர்ப்புக் கூறாது ஈடு செய்வது, வாயடைக்கும் கைக்கூலியாகவும் ஆகிவிடலாமன்றோ?

இங்கிலாந்தின் சங்கமும் இப்பழிக்கு ஆளானதே. தன் ஆட்சிக்குழுவில் இருந்த ஒருவர், கட்சிக்காரரிடம் 1,97,000 பவுண் கட்டணம் கேட்டார். நீதிமன்ற அலுவலர் அதனை 67,000 பவுணாகக் குறைத்தார். முறையீடு கையில் இருந்தும் சங்கம் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை. ஈற்றில் 1983இல் நீதிமன்றமே அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவேண்டியதாயிற்று. உறுப்பினரின் நலனுக்காக வாதாடும் வாயே உறுப்பினருக்குத் தீர்ப்பும் கூறலாமா என்ற கேள்வி அதன்பின் ஓயவில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்ட சேவைகள் சட்டம் இவ்விரண்டையும் பிரித்தது. சங்கம் உறுப்பினருக்காகப் பேசும். ஒழுங்குமுறை அதிகார சபை அவர்களைக் கண்காணிக்கும். சேவைக் குறைகளைக் கேட்கச் சட்டக் குறைகேள் அதிகாரியின் அலுவலகம் 2010இல் திறக்கப்பட்டது. பெயர் நீக்கும் அதிகாரமுடைய ஒழுக்காற்று நியாயசபை தனியாக இயங்குகிறது. அதன் மூவர் ஆயத்தில் பொதுமகன் ஒருவர் அமர்வது வழக்கம். நம் நாட்டிலோ சட்டத்தரணியின் பெயரை நீக்குவது உயர் நீதிமன்றத்தின் கையில் உள்ளது.

பிரித்த பின்னும் துன்பம் தீர்ந்ததா? அக்சியம் இன்ஸ் என்ற நிறுவனத்தில் கட்சிக்காரர் கணக்கிலிருந்து ஆறு கோடி பவுணுக்கு மேல் காணாமற்போனமை 2023இல் வெளியாயிற்று. அதிகார சபை அவ்வாண்டு ஒக்டோபரில் நிறுவனத்தை மூடியது. சபை முன்னரே போதியவாறு செயற்படவில்லை என 2024இல் வெளியான சுயாதீன ஆய்வு கண்டது. நிதியத்துக்கு ஒவ்வொரு சொலிசிட்டரும் செலுத்தும் ஆண்டுத் தொகை 30 பவுணிலிருந்து 90 பவுணாக ஏறியது. சொலிசிட்டர்கள் முணுமுணுத்ததில் வியப்பில்லை. கண்காணிக்கும் உரிமையைத் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவர் உறங்கியதற்கும் தாமா செலுத்துவது என்பது அவர்கள் கேள்வி. இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. எனினும் அந்தத் தொண்ணூறு பவுண் எதற்கு என்பதை நாடறியும்; அந்த முணுமுணுப்பும் வெளிச்சத்திலேதான் நிகழ்கிறது.

எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் முணுமுணுக்கவில்லை. மறு ஆண்டுச் சுற்றுலாவுக்கும் அதே ஆசிரியரே பணம் சேர்த்தார். அவர் நீட்டிய பட்டியலை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்தவன் நான்.